ரெட் கிராக் இடச்சுருள் நெப்டூனியா: ஒரே இனமா, பல இனங்களா? (கேள்வி பதில்)

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், எசெக்ஸ், சஃபோக் பகுதிகளில் ரெட் கிராக் என்ற செம்மணல் படிவு இருக்கிறது. வயது ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள். வால்டன்-ஆன்-தி-நேஸ் பாறைச்சரிவில் அதிலிருந்து உதிரும் இடச்சுருள் நெப்டூனியா (இடப்பக்கம் சுருண்ட ஒரு கடல் நத்தை) ஓடு பலரிடம் இருக்கிறது. ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல இருப்பதில்லை. வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இடச்சுருள் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள். ஓட்டைக் கையில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், படத்தைப் பார்த்து அல்ல. செல்பேசியின் முன்பக்கக் கேமரா சில நேரம் படத்தைத் திருப்பிச் சேமிக்கும். பழைய செதுக்கோவியங்களிலும் இதே சிக்கல் உண்டு. 1650-இல் ரெம்ப்ராண்ட் செதுக்கிய கூம்பு நத்தை அச்சில் இடச்சுருளாக நிற்கிறது. தகட்டில் பார்த்தபடியே செதுக்கியதால் அச்சில் புரண்டுவிட்டது.

கேள்வி: என்னிடம் மூன்று ஓடுகள். ஒன்றில் சுற்றுகள் உருண்டை, ஒன்றில் தோள்பட்டை போலக் கோணம், ஒன்றில் தடித்த வரிகள். மூன்று இனங்களா?

பதில்: மூன்று ஓடுகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே அடுக்கிலிருந்து முப்பது, நாற்பது ஓடுகளைச் சேர்த்து, உருண்டையானதில் தொடங்கிக் கோணமானது வரை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். நடுவில் இடைவெளியே விழாமல் ஒன்று அடுத்ததில் கலந்துபோனால், அது ஒரே இனத்தின் வேறுபாடு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கூட்டமாகப் பிரிந்து நடுவில் ஆளே இல்லையென்றால் அப்போது யோசிக்க வேண்டும்.

அடுக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். நான்கு சுற்று உள்ள குட்டியையும் ஏழு சுற்று உள்ள பெரியதையும் நேராக ஒப்பிடாதீர்கள். வளர வளர விகிதம் மாறும். அதனால் முனையிலிருந்து எண்ணி அதே சுற்றை அதே சுற்றோடு ஒப்பிடுங்கள். அப்புறம் தேய்மானம். ரெட் கிராக் மணல் வலுவான நீரோட்டத்தில் படிந்தது. பல ஓடுகள் உருண்டு தேய்ந்தவை. வரி தேய்ந்த ஓடு 'வழவழப்பான வகை' போலத் தோன்றும். சுற்றுகள் சேரும் பள்ளத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மேட்டில் அழிந்த வரி அங்கே மிஞ்சியிருக்கும். மூன்றாவது, நண்டு உடைத்துப் பிறகு நத்தை ஒட்டுப்போட்ட தழும்பு. கோணலான ஒரு வெட்டுக்கோடு குறுக்கே ஓடும், அதற்குப் பிறகு வரிகளின் போக்கே மாறும். அந்த மாற்றத்தை இனப் பண்பாகக் கணக்கிடக் கூடாது.

இவ்வளவு வேறுபாடு ஏன்? நெப்டூனியா குஞ்சுகள் கடலில் மிதந்து திரிவதில்லை. முட்டைப்பைக்குள்ளேயே சக முட்டைகளைத் தின்று வளர்ந்து, நத்தையாகவே ஊர்ந்து வெளியே வருகின்றன. ஓட்டின் உச்சியில் இருக்கும் பெரிய மொட்டையான கருவோடு, அதாவது முட்டைக்குள் இருந்தபோதே உருவான முதல் ஓடு, இதற்குச் சாட்சி. குஞ்சுகள் தூரம் போகாததால் ஒவ்வொரு திட்டுக் கூட்டமும் தன் போக்கில் மாறுகிறது. சூழலும் வடிவை மாற்றும்: நியூசெல்லா என்ற வேறொரு கடல் நத்தையை நண்டின் வாடை கலந்த நீரில் வளர்த்தபோது தற்காப்பு கூடிய ஓடு உருவானதாக 1988-இல் வெளியான சோதனை காட்டியது. போதாததற்கு ஒரே படிவில் பல தலைமுறை ஓடுகள் கலந்து கிடக்கின்றன.

கேள்வி: படம் இணைத்திருக்கிறேன். என்ன இனம்?

பதில்: அளவுகோல் இல்லை, கிடைத்த இடம் இல்லை, வாய்ப்பக்கமும் இல்லை. மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: ஃபுளோரிடாவில் எடுத்த இடச்சுருள் ஓடும் இதுவா?

பதில்: இல்லை. அது பியூசிகான் குழுவைச் சேர்ந்த வேறு கடல் நத்தை. வாய்க்குக் கீழே நீண்ட குழாய் இருக்கும். ரெட் கிராக் நத்தையின் பழைய பெயர் 'கான்ட்ராரியா'; அதிலும் 'கான்ட்ராரியம்' என்ற இனப்பெயர் உண்டு, அதனால்தான் தேடும்போது குழப்பம் வருகிறது. அமெரிக்கப் படிவுகளில் பழகியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: எதிர்ப்பக்கம் சுருண்டாலே அது வேறு இனம்தானே? வட கடலில் இன்று வாழும் நெப்டூனியா ஆண்டிக்வா வலச்சுருள். இதில் வாதிட என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 1848-இல் கிராக் நத்தைகளை விவரித்த சியர்ல்ஸ் வுட் இடச்சுருளைத் தனி இனமாக அல்ல, ஆண்டிக்வாவின் ஒரு வகையாகத்தான் வைத்தார். வாழும் ஆண்டிக்வாவிலும் அபூர்வமாக இடச்சுருள் பிறக்கிறது. அதை யாரும் புது இனம் என்பதில்லை. திசையை முடிவு செய்வது குஞ்சின் மரபணு அல்ல, தாயின் மரபணு. 1923-இல் லிம்னியா என்ற நன்னீர் நத்தையை வைத்து இதை விளக்கினார்கள். 2019-இல் அதற்கு உறவான இன்னொரு நன்னீர் நத்தையில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது வலச்சுருளுக்கு இடச்சுருள் குஞ்சுகள் வந்தன. ஆக, ஒற்றை ஓட்டின் திசை எதையும் நிரூபிக்காது.

மறுபடி அவரே: அப்படியானால் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட வேண்டியதுதானே?

பதில்: அதுவும் தவறு. ஒரு முழுக் கூட்டமே தலைமுறை தலைமுறையாக இடப்பக்கம் சுருண்டால் அது வலுவான சான்று. ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் இன்றும் அப்படி ஒரு நெப்டூனியா வாழ்கிறது. நான் மறுப்பது ஒரே ஓட்டை வைத்து முடிவெடுப்பதை.

இன்னொருவர் குறுக்கே: ரெட் கிராக்கில் வலச்சுருள் ஒன்று கிடைத்தால்?

பதில்: நல்ல கேள்வி. அந்தப் படிவில் வலச்சுருள் இனங்களும் உண்டு, அதனால் இரண்டில் ஒன்று. ஓட்டைப் படமெடுத்து, கணினியில் வேண்டுமென்றே இடம் வலமாகத் திருப்பி, நீங்கள் அடுக்கி வைத்த இடச்சுருள் வரிசைக்குள் வைத்துப் பாருங்கள். சுற்றின் சரிவு, வரிகளின் இடைவெளி, கருவோட்டின் பருமன் எல்லாம் வரிசைக்குள் பொருந்தினால், அது திசை மாறிப் பிறந்த ஒன்றாக இருக்கலாம். பொருந்தாமல் வெளியே நின்றால் வேறு இனம். படத்தைத் திருப்ப நான் சம்மதிக்கும் ஒரே இடம் இதுதான். திருப்பிய படத்தில் அப்படிக் குறித்து வையுங்கள்.

கேள்வி: செம்மண் நிறத்தை வினிகர் போட்டுப் போக்கலாமா?

பதில்: கூடாது. ஓடு சுண்ணாம்புப் பொருள், அமிலத்தில் கரையும். முதலில் போவது நுண்வரிகள்தான். அந்தச் சிவப்பு இரும்புக் கறை, அப்படியே இருக்கட்டும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

கேள்வி: என்னுடையது ரொம்ப வழவழப்பு. புது இனமாக இருக்குமா?

பதில்: தேய்மானம் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். பள்ளத்தைப் பாருங்கள்.

கேள்வி: என்னுடையதில் தோள்பட்டை கூர்மையாக இருக்கிறது...

பதில்: முப்பது ஓடுகள். ஒரே அடுக்கு. அதன் பிறகு பேசுவோம்.

கேள்வி: இந்தத் தொல்நத்தைகளைப் பற்றி ஹார்மர் 1914 முதல் வெளியிட்ட நூலில் ஏகப்பட்ட வகைப்பெயர்கள். அவற்றை ஓட்டோடு வைக்கும் சீட்டில் எழுதலாமா? கான்ட்ராரியா, ஆங்குலாட்டா, எது சரி?

பதில்: பழைய நூல்களில் இந்த ரெட் கிராக் நத்தை கான்ட்ராரியா, அண்மை நூல்கள் பலவற்றில் ஆங்குலாட்டா. எந்த நூலைப் பின்பற்றினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். வகைப்பெயர்களைத் தூக்கிப் போடாதீர்கள். 1961-க்கு முன் 'வகை' என்று வெளியான பெயர்களைப் பெயரிடல் விதிகள் பெரும்பாலும் துணையினப் பெயராக ஏற்கின்றன. அதற்குப் பின் வந்தவற்றுக்கு அந்த இடம் இல்லை. ஆகவே ஹார்மர் வைத்த பெயர் ஒன்று நாளை இனப்பெயராகவே எழக்கூடும்.

ஆனால் சீட்டில் முதல் வரி பெயராக இருக்க வேண்டாம். கிடைத்த இடம், அடுக்கு, நாள். அந்த மூன்றும் முதலில். பெயரைப் பென்சிலில் எழுதுங்கள்.