எந்தப் புத்தகம் முதலில்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி.எஸ். லூயிஸ் குழந்தைகளுக்காக எழுதிய நாவல் வரிசையில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' கதையை இயக்குநர் கிரெட்டா கெர்விக் நெட்ஃபிளிக்ஸுக்காகப் படமாக எடுக்கிறார். அது வருவதற்குள் ஐந்தாவது படிக்கும் என் மகளை ஏழு புத்தகங்களையும் படிக்க வைக்க ஆசை. செட் வாங்கிவிட்டேன். அதில் இந்தக் கதைக்குத்தான் 1 என்று எண் போட்டிருக்கிறது. இதிலிருந்தே தொடங்கலாமா? அவள் குழம்பாமல் இருக்க, யார் யார், எது எப்போது நடந்தது என்று ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவளுடைய இங்கிலீஷ் போதுமா? கதைக்குள் கிறிஸ்தவம் இருக்கிறது என்கிறார்களே?

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தம்பி,

மகளுக்குப் புத்தகம் கொடுக்க இவ்வளவு யோசிக்கும் அப்பா கிடைத்த அந்தப் பெண் கொடுத்து வைத்தவள். ஆனால் அந்தச் சார்ட்டை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

இங்கிலீஷ் வந்துவிடும், இரவில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், புரியாததைத் தமிழில் சொல்லுங்கள். கிறிஸ்தவம் இருக்கிறது, இருக்கட்டும்.

எண்தான் விஷயம். 1950ல் முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. நீங்கள் கேட்கும் புத்தகம் 1955ல் ஆறாவதாக வந்தது. நார்னியா உருவான கதை அது என்பதால், 1994ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் அதைத் தூக்கி முன்னால் வைத்தது. ஒரு சிறுவனுக்கு 1957ல் எழுதிய கடிதத்தில் சி.எஸ். லூயிஸே இந்த வரிசைக்குத் தலையாட்டியிருக்கிறார். இருந்தும் நான் ஒப்பமாட்டேன். அவருடைய 1950 புத்தகத்தில் அஸ்லான் என்ற பெயர் முதன்முதலாக வரும்போது, அது யாரென்று கதையில் வரும் பிள்ளைகளுக்கும் தெரியாது, வாசிக்கிற உங்களுக்கும் தெரியாது என்று எழுதுகிறார். எல்லாம் தெரிந்துகொண்டு வந்த குழந்தைக்கு அந்த வரியில் என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான லூசி அலமாரிக்குள் நுழைந்து நார்னியாவின் பனிக்காட்டில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்க்கிறாள். காட்டுக்குள் அதை யார் நட்டது? பதில் அந்த ஆறாவது புத்தகத்தில் இருக்கிறது. அதுவரை உங்கள் மகள் அந்தக் கேள்வியோடு இருக்க வேண்டும். நீங்களோ பதிலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்!

காங்கேயம் பக்கம் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, எனக்கு அண்ணன்மார் கதை என்கிற கொங்கு நாட்டுக் கதைப்பாடலைச் சொன்னதும் இப்படித்தான். உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் அதைப் பல இரவுகள் பாடுவார்கள்; குன்னுடையாக் கவுண்டர், தாமரை, அவள் பிள்ளை வரம் கேட்டிருந்த தவம், அப்புறம்தான் அவர்கள் பிள்ளைகளான பொன்னரும் சங்கரும். அமுச்சியோ எடுத்த எடுப்பிலேயே கொம்பன் பன்றியை அவிழ்த்து விடுவார். பன்றி வயலைக் கிளறும், சங்கர் ஈட்டியோடு பாய்வார். இவ்வளவு கோபக்காரருக்கு அப்பா எப்படி அவ்வளவு சாது என்று கேட்டால், "அதுக்கொரு கதை இருக்குது கண்ணு, நாளைக்குச் சொல்றேன்" என்பார். குன்னுடையா அனாதையாகத் திரிந்த கதை எனக்கு வந்து சேர்ந்தபோது நான் அதற்காக ஏங்கிக் கிடந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் தூங்கிப் போயிருப்பேன். எங்கள் அமுச்சிக்குப் பள்ளிக்கூடமே தெரியாது. குழந்தைக்கு எதை எப்போது தரக்கூடாது என்று தெரிந்திருந்தது. படித்த நாமோ குழந்தை வாய் திறப்பதற்குள் விளக்கத்தை ஊட்டிவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

1950லிருந்து வந்த வரிசையில் கொடுங்கள். படம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று விரட்டாதீர்கள். அவள் எவ்வளவு அடம் பிடித்தாலும், அந்த ஆறாவது புத்தகம் முடியாமல் படத்தைக் காட்டாதீர்கள்.