கடற்கரை ஊர் வளர்ந்தால் என்ன ஆகும்? பாண்டியில் மணல் போன கதை

கேள்வி: சுற்றுலா வளர வளர ஒரு கடற்கரை ஊர் எப்படி மாறும்? ஓட்டல்கள் வந்து கெடுத்துவிடுமா?

பாண்டிக்காரனாகச் சொல்கிறேன். எங்கள் மணலைத் தின்றது துறைமுகம். ஓட்டல்கள் பெருகியது அதற்கு அப்புறம்.

எங்கள் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் இரண்டு கல்சுவர்களை நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. ஆனால் சுவர் வந்த அளவுக்கு அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. மணல் அள்ளுவதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

துறைமுகத்துக்கு வடக்கே, நகரத்தில் காந்தி சிலைப் பக்கம் மணல் கரைந்து போக, கருங்கற்களைக் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்றினார்கள். வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுக்கும் ராக் பீச்சின் கற்கள் அவைதான். சாயங்காலம் அந்தச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள், காலார நடக்க அருமையான இடம், அதை மறுக்கவில்லை. வார இறுதியில் சென்னை, பெங்களூரு கார்கள், விடுதியாக மாறிய பழைய வீடுகள், ஏறிப்போன வாடகை: சரி, இதெல்லாம் எல்லாச் சுற்றுலா ஊரிலும் உண்டு.

அடி விழுந்தது மீனவர்களுக்கு. கரைவலை இழுக்க, கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடக்க மணல் வேண்டும். ஃபைபர் படகை ஏற்றி வைக்க, வலையைப் பிரித்து உதற, கருவாடு காயப்போட இடம் வேண்டும். கல் கொட்டிய கரையில் இதில் எதுவும் நடக்காது.

அடுத்து தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசை. வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று கடல் ஒவ்வொரு ஊராக அரித்தது. ஓர் ஊரில் கல்வரிசை போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த ஊர் வீடுகளை அலை தொடும். உடனே அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்காரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அங்கே மறுபடி மணல் சேர்ந்தது, ஜனங்கள் கால் நனைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது நகரத்துக்கு எதிரே ஒரு துண்டுக்கு மட்டும். வடக்கே குப்பங்களில் இன்னும் கல்தான் காவல்.

ஆக, உங்கள் ஊருக்கு ஓட்டல் வந்தால் வாடகையைப் பாருங்கள். துறைமுகமோ படகுத்துறையோ வருகிறதென்றால், தேங்கும் மணலை யார் அள்ளுவார்கள், வருஷா வருஷம் அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.