தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கில வேர்ட் ஃபார்மேஷனையும் ரீடிங்கையும் வீட்டிலேயே பயிற்சி செய்வது எப்படி?

உங்கள் கேள்வி இது: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறீர்கள். வேர்ட் ஃபார்மேஷனில், அதாவது கொடுத்த வேர்ச்சொல்லைப் பத்தியின் கோடிட்ட இடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதும் பகுதியில், 8-க்கு 3 தாண்டவில்லை. ரீடிங்கில் பத்தி புரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் விடைகள் தப்பாகிப் போகின்றன, நேரமும் போதவில்லை. வகுப்புக்குப் போகாமல் எப்படிப் பயிற்சி செய்வது?

நானும் சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இதே தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 154, தேர்ச்சிக்கு 160 வேண்டும். இரண்டாம் முறை 172. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் நான் எதை மாற்றினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் முறை ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். அவர்கள் நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு நெடுவரிசையில் வெர்ப், அடுத்ததில் நவுன், அப்புறம் அட்ஜெக்டிவ், அட்வெர்ப். தினமும் முப்பது சொல் மனப்பாடம். நான் ஒழுங்காகவே படித்தேன். 'சக்ஸீட், சக்ஸஸ், சக்ஸஸ்ஃபுல், சக்ஸஸ்ஃபுல்லி' என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேர்வில் அதே சொல் வந்தது. 'சக்ஸஸ்ஃபுல்' என்று எழுதிவிட்டு வந்தேன். விடை 'அன்சக்ஸஸ்ஃபுல்'. பத்தியில் அந்த மனிதர் திரும்பத் திரும்ப முயன்று தோற்றுப் போகிறார். நான் கோடிட்ட இடம் இருந்த வரியை மட்டும் படித்தேன், கதையைப் படிக்கவில்லை.

நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே பயிற்சி என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு விடையில்தான். வேர்ட் ஃபார்மேஷனில் சொல்லை உருவாக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பத்தியைப் படிக்கவும் வேண்டும். அதேபோல ரீடிங்கில் தப்பு விடையில் விழாமல் இருக்கச் சொல் குடும்பம் தெரிய வேண்டும். தனித்தனி நோட்டுப் போட்டுப் பிரித்து வைக்காதீர்கள்.

வேர்ட் ஃபார்மேஷனில் நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, அதுதான். எங்கள் தமிழ் ஐயா கரும்பலகையில் 'வந்தனன்' என்று எழுதி, வா பகுதி, அது 'வ' ஆகக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் விகுதி என்று பிரித்துக் காட்டுவார். ஒரு சொல்லை உடைத்து ஒவ்வொரு துண்டும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிற பழக்கம் நமக்குப் பதினான்கு வயதிலேயே வந்துவிட்டது. 'அன்எம்ப்ளாய்மென்ட்' என்றால் அன் + எம்ப்ளாய் + மென்ட், அவ்வளவுதான். 'லாங்' என்பது 'லெங்த்' ஆவதும், 'ஸ்ட்ராங்' 'ஸ்ட்ரெங்த்' ஆவதும், 'ஹை' 'ஹைட்' ஆவதும் வா, வ ஆவது போன்ற விகாரம். உள்ளே இருக்கும் உயிர் மாறுகிறது, 'ஹைட்' சொல்லில் மட்டும் ஒலி மாறாமல் எழுத்து மாறுகிறது. தேர்வில் இப்படிப்பட்ட சொற்களும் வரும், பின்னொட்டு மட்டுமே தேடுகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

புணர்ச்சியும் அப்படியே உதவும். மரம் + கள் மரங்கள் ஆகிறது, பணம் + தான் பணந்தான் ஆகிறது. அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப ம் மாறிக்கொள்கிறது. 'இன்' என்ற முன்னொட்டும் இதையே செய்கிறது. 'பாஸிபிள்' முன்னால் இம், 'லீகல்' முன்னால் இல், 'ரெகுலர்' முன்னால் இர். இதைப் புரிந்துகொண்டால் ஸ்பெல்லிங்கும் தானாக வரும். 'இல்லீகல்' சொல்லின் முன்னால் ஏன் இரண்டு எல்? ஒன்று முன்னொட்டினுடையது, ஒன்று சொல்லினுடையது. 'அன்னெஸஸரி'யில் இரண்டு என், 'டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு'வின் முன்னால் இரண்டு எஸ். ஆனால் 'டிஸ்அப்பியர்' சொல்லின் முன்னால் ஒரே எஸ்தான், ஏனென்றால் 'அப்பியர்' ஏ-வில் தொடங்குகிறது. ஸ்பெல்லிங் ஓர் எழுத்து தப்பினாலும் இந்தப் பகுதியில் மதிப்பெண் கிடையாது, அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

நமக்குப் பலவீனமும் உண்டு. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் வாலில் வரும்: வரவில்லை, முடியாது, அறியாமை. தலையில் வருவது நீதி-அநீதி, நியாயம்-அநியாயம் போன்ற வடசொற்களில்தான். 'நல்ல' என்ற சொல்லுக்கு முன்னால் யாரும் 'அ' போடுவதில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் நம் கண் வாலுக்குப் போய்விடுகிறது, தலையை மறந்துவிடுகிறோம். என்னுடைய பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பார்த்தபோது தப்புகளில் பாதிக்கு மேல் இதே வகை. பின்னொட்டு சரி, முன்னொட்டு இல்லை.

ஆங்கிலத்திலும் வடசொல், தமிழ்ச்சொல் போல இரண்டு பரம்பரை உண்டு. 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. 'அன்', 'நெஸ்', 'ஃபுல்', 'லெஸ்' எல்லாம் பழைய ஆங்கிலத்துடையவை. 'இன்', 'ஷன்', 'இட்டி' போன்றவை வந்து சேர்ந்தவை. இது தெரிந்த பிறகுதான் எனக்கு ஒரு பழைய குழப்பம் தீர்ந்தது. 'அன்ஏபிள்', ஆனால் 'இன்ஏபிலிட்டி'. 'அன்ஸ்டேபிள்', ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி'. 'அன்ஈக்வல்', ஆனால் 'இன்ஈக்வாலிட்டி'. 'அன்ஜஸ்ட்', ஆனால் 'இன்ஜஸ்டிஸ்'. எல்லாச் சொல்லும் இப்படி மாறிவிடாது, 'அன்ரிலையபிள்' என்பது 'அன்ரிலையபிலிட்டி' ஆகத்தான் இருக்கும். அதனால் விதியாக எடுத்துக்கொள்ளாமல் ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.

சரி, தினமும் என்ன செய்வது? நான் செய்தது இதுதான். ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியோ கட்டுரையோ எடுத்து, அதில் ஒரு பத்தியை நோட்டில் கையால் எழுதுவேன். எட்டுச் சொற்களை விட்டுவிட்டு அந்த இடத்தில் கோடு. அந்த வரியின் ஓரத்தில் வேர்ச்சொல் மட்டும். 'காம்பெட்டிட்டர்ஸ்' இருந்தால் 'காம்பீட்' என்று எழுதுவேன். அப்புறம் இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாது. மூன்றாம் நாள் நிரப்ப வேண்டும். எந்தச் சொல்லை விடலாம் என்று தேடும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடும். எந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறதே. விற்கிற பயிற்சிப் புத்தகங்களைவிட இது எனக்கு அதிகம் கொடுத்தது.

நிரப்பும்போது முதலில் பத்தி முழுவதையும் ஒன்றும் எழுதாமல் படியுங்கள். அப்புறம் கோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். 'தி'-க்கும் 'ஆஃப்'-க்கும் நடுவில் என்றால் நவுன். 'ஏ'-க்கும் ஒரு நவுனுக்கும் நடுவில் என்றால் அட்ஜெக்டிவ். வாக்கியத்தின் தொடக்கத்தில் தனியாக நின்று, பின்னால் காற்புள்ளி இருந்தால் அட்வெர்ப். வகை தெரிந்ததும் இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது: எதிர்மறையா? பன்மையா? ஆளா, செயலா? 'ஸெவரல்' பின்னால் வந்தால் 'இம்ப்ரூவ்மென்ட்' போதாது, 'இம்ப்ரூவ்மென்ட்ஸ்' வேண்டும். 'எம்ப்ளாயர்', 'எம்ப்ளாயீ', 'எம்ப்ளாய்மென்ட்' மூன்றும் நவுன்தான், எது என்று பத்திதான் சொல்லும்.

உச்சரிப்பை நம்பி எழுதினால் கெடுக்கிற சில சொற்களுக்குத் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 'ப்ரொனவுன்ஸ்' சொல்லில் ஓ-வும் யு-வும் சேர்ந்து வரும், 'ப்ரொனன்ஸியேஷன்' ஆகும்போது அந்த ஓ போய்விடும். 'எக்ஸ்ப்ளெய்ன்' சொல்லில் இருக்கும் ஐ, 'எக்ஸ்ப்ளனேஷன்' ஆகும்போது 'என்' எழுத்துக்கு முன்னால் இருக்காது. 'பியூட்டிஃபுல்' ஒரே எல்லில் முடியும், 'பியூட்டிஃபுல்லி'யில் இரண்டு.

இப்போது ரீடிங். வேர்ட் ஃபார்மேஷனும் ரீடிங்கும் ஒரே தாளில்தான் வரும், அந்தத் தாளில் மொத்தம் 75 நிமிடம், ஏழு பகுதி, 52 கேள்வி. கடைசி மூன்று பகுதிகள்தான் நீளமான ரீடிங், அவற்றுக்கு மட்டும் 34 மதிப்பெண். வேர்ட் ஃபார்மேஷனுக்கு 8. நான் முதல் நான்கு பகுதிகளை முப்பது நிமிடத்தில் முடித்து, மீதி நாற்பத்தைந்தை ரீடிங்குக்கு வைத்துக்கொண்டேன். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

'புரிகிற மாதிரி இருக்கிறது, விடை தப்புகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பத்தியில் இருக்கும் அதே சொல் விடையிலும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கேள்வி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் தப்பு விடையில்தான் பத்தியின் சொற்களை அப்படியே வைப்பார்கள். சரியான விடை வேறு உடையில் வரும். பத்தியில் ஒரு பெண்ணால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்று மூன்று வரிக்கு இருக்கும், விடையில் 'இன்டிசிஷன்' என்று ஒரே சொல். பத்தியில் 'ரெஃப்யூஸ்டு', விடையில் 'ரெஃப்யூஸல்'. இங்கேதான் சொல் குடும்பம் வேலை செய்கிறது. இன்னொன்று 'ஹார்ட்லி'. 'ஹார்ட்' சொல்லோடு 'லி' சேர்ந்தால் 'கடினமாக' என்று வர வேண்டும் அல்லவா? வராது. கடினமாக உழைக்கிறான் என்பதற்கு 'ஒர்க்ஸ் ஹார்ட்' என்றே சொல்ல வேண்டும். 'ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குத் தலைகீழ். 'லேட்', 'லேட்லி' இரண்டும் அப்படித்தான், பின்னது 'அண்மையில்'. 'நாட் அன்கைண்ட்' என்பது 'அன்பானவர்' என்று முழுதாகச் சொல்வதில்லை, கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறது. எழுதியவரின் மனநிலை என்ன என்று கேட்கும் கேள்விகள் இப்படிப்பட்ட சொற்களில்தான் தொங்குகின்றன.

நேரம் போதாததற்குக் காரணம் வேறு. தமிழில் வினை கடைசியில் வரும், அதுவரை நாம் காத்திருப்போம். 'நேற்று என்னோடு பேருந்தில் வந்த பையன்' என்று விவரம் எல்லாம் முன்னால் வந்து, பையன் கடைசியில் வருவான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், விவரம் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். நாம் முழு வாக்கியத்தையும் முடித்துவிட்டு, தமிழ் வரிசைக்கு மாற்றிக்கொள்ள மறுபடி முதலிலிருந்து படிக்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்தால் நேரம் எங்கே இருக்கும்? இதற்கு நான் செய்தது: நீளமான வாக்கியத்தில் யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் மட்டும் பென்சிலால் அடிக்கோடு இட்டுவிட்டு மேலே போவது. மூன்று வாரத்தில் பென்சில் தேவைப்படவில்லை.

ஒரே பத்தியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை அகராதி இல்லாமல். முடித்ததும் எழுதியவர் என்ன சொல்கிறார் என்று இரண்டு வாக்கியத்தில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலம் படிக்கும்போது தமிழ் வரவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. இரண்டாம் முறை 'இட்', 'திஸ்', 'தோஸ்', 'சச்' போன்றவை எதைக் குறிக்கின்றன என்று கோடு இழுங்கள். வாக்கியங்களை எடுத்துவிட்டு எங்கே பொருந்தும் என்று கேட்கும் ஆறாம் பகுதிக்கு இதுவே போதுமான பயிற்சி. மூன்றாம் முறைதான் கேள்விகள். சரியான விடையைக் குறித்ததோடு நிற்காமல், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். அவசரமாக ஐந்து பத்தி படிப்பதை நான் முதல் முறை செய்து பார்த்துவிட்டேன்.

எதைப் படிப்பது? தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்தில் வேண்டாம். அரசியல் பின்னணி தெரியாமல் வாக்கியம் புரியாது, ஆங்கிலம்தான் வரவில்லை என்று மனசு விட்டுப்போகும். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தில் தொடங்குங்கள். நான் சமையல், செடி வளர்ப்பு பற்றிய கட்டுரைகளில் தொடங்கி, அப்புறம் பயணக் கட்டுரை, அப்புறம் சிறுகதை என்று போனேன். சிறுகதையைத் தவிர்க்காதீர்கள். ஐந்தாம் பகுதியில் கதைப் பகுதி வரலாம், அங்கே யார் கோபமாக இருக்கிறார் என்பதை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். மாதிரித் தாள்கள் கேம்பிரிட்ஜ் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பயிற்சிக்குச் செலவழிக்காமல் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் வைத்து முழுத் தாளாக எழுதிப் பார்க்க.

இன்று ராத்திரியே ஒரு பத்தியை எழுதி எட்டுக் கோடு போட்டுவிடுங்கள். அதில் குறைந்தது மூன்றை முன்னொட்டு கேட்கிற சொற்களாகப் பார்த்து எடுங்கள்.