கேனான் எஸ்எக்ஸ்740, பானாசோனிக் டிஇசட்99: கோபுரச் சிற்பமும் பறவையும் எடுக்க எதை வாங்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: ஃபோன் ஜூமுக்கு எட்டாத கோபுரச் சிற்பங்களையும் வேடந்தாங்கல் பறவைகளையும் எடுக்க வேண்டும், பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. சிங்கப்பூரிலிருந்து மாமா வருகிறார், வாங்கி வருவார். கேனானில் 40 மடங்கு ஜூம், பானாசோனிக்கில் 30 மடங்குதான், அப்போ கேனான்தானே நல்லது?

இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் பானாசோனிக் என்பேன். மூன்றாவதாக ஒன்றையும் பார்க்கலாம் என்றால் அதே பானாசோனிக்கின் பழைய டிஇசட்95. என் கையில் இருப்பதும் அதுதான், அதனால் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 40, 30 விஷயம். லென்ஸின் எட்டுகையை மி.மீ. கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். இரண்டும் 24 மி.மீ.யில்தான் ஆரம்பிக்கின்றன, அதாவது அகலக் காட்சியில் இரண்டும் ஒன்று. கேனான் 960 மி.மீ. வரை போகும், பானாசோனிக் 720 வரை. 50 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் நத்தைக்குத்தி நாரை உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கேனானில் முழு ஜூம் போனால் படச் சட்டத்தின் (ஃபிரேமின்) அகலத்துக்குள் ஏறக்குறைய 1.9 மீட்டர் அடங்கும், பானாசோனிக்கில் 2.5 மீட்டர். பறவையோ முக்கால் மீட்டருக்கும் குறைவு. ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தை அடைக்கும், மற்றதில் நான்கில் ஒரு பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் 20.3 மெகாபிக்சல், பானாசோனிக் படத்தை கேனான் காட்டுகிற அளவுக்கு வெட்டினால்கூட 11 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும், ஏ4 தாளில் அச்சுப் போட அது தாராளம், வாட்ஸ்அப்பில் அனுப்ப அதில் கால்வாசி போதும். நியாயமாகப் பார்த்தால் கேனானின் நீள முனையில் நுணுக்கம் ஒரு சுற்று கூடுதலாகத்தான் கிடைக்கும், நல்ல வெயிலும் அசையாத கையும் இருந்தால். அந்த இரண்டும் ஒன்றாக வாய்க்கும் நேரம் குறைவு.

ஏன் என்றால் வெளிச்சம். இந்த வகைக் கேமராக்களில் எல்லாம் சென்சார் 1/2.3 அங்குல வகை, உண்மையான அளவு சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் ஆரம்பத்தில் எஃப் 3.3 என்று திறந்திருக்கும், முழு ஜூமுக்குப் போனதும் கேனானில் எஃப் 6.9, பானாசோனிக்கில் எஃப் 6.4 என்று சுருங்கிவிடும் (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும்). அதாவது உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும், இரண்டிலும். இன்னொரு பக்கம், 960 மி.மீ.யில் கையில் பிடித்து எடுக்க பழைய கணக்குப்படி ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். கை நடுக்கத்தைக் கேமராவே ஓரளவு சரிக்கட்டும் என்பது உண்மைதான், அதற்காக நாரை கழுத்தைத் திருப்பாமல் இருக்குமா? வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன் அளவை, ஏற்றும், 1600 தொட்டதும் இறகுகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து தண்ணீர் பட்ட கோலம் மாதிரி ஆகிவிடும். காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில் இரண்டுமே நன்றாக எடுக்கும். மேகம் மூடிய மாலையில் இரண்டுமே சொதப்பும். மண்டபத்துக்குள் ஃபோனே மேல், அதற்கு இந்தக் கேமராவை வெளியில் எடுக்கவே வேண்டாம்.

ஆகவே படத்தின் தரத்தை வைத்து இவை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. கையில் வைத்து வேலை செய்யும்போது எது நம்மைக் குறைவாகப் படுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேனான் திரையில் தொட்டு ஃபோகஸ் செய்ய முடியாது, அது தொடுதிரையே இல்லை. பானாசோனிக்கில் முடியும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஏரிக்குள் நிற்கிற மரத்தில் பறவைக்கு முன்னால் ஒரு குச்சி குறுக்கே நிற்கும், எப்போதும் நிற்கும், கேமராவுக்கோ குச்சி மேல்தான் ஆசை. குச்சி கூர்மையாக, பின்னால் கூழைக்கடா வெள்ளைக் கறையாக ஒரு படம் வரும். பானாசோனிக்கில் பறவையின் தலை மேல் விரலை வைத்தால் ஃபோகஸ் அங்கே போகும், பெரும்பாலும். கேனானில் நடுப்புள்ளிக்கு மாற்றிக்கொண்டு, பறவையை நடுவில் கொண்டுவந்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, அப்புறம் சட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். பழகினால் வரும். ஆனால் முழு ஜூமில் ஒரு இம்மி நகர்ந்தாலே பறவை திரையை விட்டுப் போய்விடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

போன பறவையைத் திரும்பப் பிடிப்பதற்கு கேனானில் ஒரு நல்ல வசதி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சட்டம் பிடிக்க உதவும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கி அகலமாகக் காட்டும், முன்பு பார்த்துக்கொண்டிருந்த இடம் ஒரு பெட்டியாகத் தெரியும், பறவையைப் பெட்டிக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். கேனான் வாங்குகிறவர்கள் முதல் நாளே பழக வேண்டியது இதுதான்.

இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை, கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லை. நம் ஊர் வெயிலில், அதுவும் தண்ணீருக்கு எதிரே நின்றால், திரையில் தெரிவது பாதி நம் முகம்தான். போதாததற்கு கையை நீட்டிப் பிடித்தால் நடுக்கமும் கூடும். கேமராவைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் நெற்றியும் ஒரு முட்டுக்கொடுக்கும். அதனால்தான் டிஇசட்95 என்றேன். 2019இல் வந்தது, அதே 24–720 மி.மீ. வீச்சு, அதே மெகாபிக்சல், ஓரத்தில் சின்னதாக ஒரு வியூஃபைண்டர். 2025இல் டிஇசட்99 வந்தபோது அந்த வியூஃபைண்டரை எடுத்துவிட்டு, திரையைக் கொஞ்சம் கூர்மையாக்கி, மைக்ரோ யுஎஸ்பிக்குப் பதில் டைப்-சி வைத்தார்கள். ஐரோப்பாவில் 2024 கடைசியிலிருந்து விற்கும் சின்னக் கருவிகளில் சார்ஜிங்குக்கு டைப்-சி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது, ஆக அந்த மாற்றம் எப்படியும் வந்திருக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டு கம்பியை மாற்றியதைப் புது மாடல் என்று விற்பது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் புதிதாகக் கடையில் கிடைப்பது அதுதான். பழைய கையிருப்பிலோ நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டாகவோ டிஇசட்95 கிடைத்தால் பறவைக்காரர் அதை விடக்கூடாது.

கோயில் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் வேறு. சிற்பம் எங்கேயும் பறந்துபோகாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, திருச்சுற்றில் பின்னால் தள்ளி நின்று மேல்நிலைச் சிற்பங்களை எட்டிப்பிடிக்க 720 மி.மீ. தாராளம். கேமராவைத் திண்ணையிலோ தூணிலோ அண்டக்கொடுத்து, ஐஎஸ்ஓவைக் குறைந்த அளவில் நிறுத்தி, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள், சின்ன சென்சார் என்றே தெரியாது. அங்கே வருகிற தொல்லை வேறு: பின்னால் வெளுத்த வானம், முன்னால் நிழலில் கருத்த கல். கேமராவே முடித்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தில் ஒன்று வானம் வெளுத்து வெடிக்கும், இல்லை கல் கரியாகும். பானாசோனிக்கில் ரா கோப்பு, அதாவது சென்சார் பதிவுசெய்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு, எடுக்கலாம், வானத்துக்கு வெளிச்சத்தை அளந்து எடுத்துவிட்டு வீட்டில் நிழலை மெல்லத் தூக்கிக்கொள்ளலாம். எஸ்எக்ஸ்740இல் ரா கிடையாது, கேமரா கொடுத்ததுதான் படம். கணினியில் உட்கார்ந்து படத்தைத் திருத்துகிற ஆள் நீங்கள் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

வீடியோ இரண்டிலும் 4கே, நொடிக்கு 30 சட்டம். வெளி மைக் செருகும் வழி இரண்டிலும் இல்லை. பேட்டரிக்கு கேனான் சொல்லும் கணக்கு 265 படம், டிஇசட்95க்கு 380, டிஇசட்99க்கும் அதே பேட்டரிதான். ஜூமை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் குறையும், உபரி பேட்டரி ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பானாசோனிக்கை பவர் பேங்க்கிலேயே சார்ஜ் போடலாம், நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவர்களுக்கு இது உதவும்.

பெட்டியில் 80 மடங்கு, 60 மடங்கு என்று இன்னொரு எண் போட்டிருப்பார்கள். அது கேமராவே படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, நீங்களே பிறகு செய்துகொள்ளக்கூடியது. அதே மாதிரி மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏரி மேல் எழும் அனலில் தூரத்துப் பறவை நெளிந்துகொண்டுதான் தெரியும், அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, சீக்கிரம் கிளம்புவதுதான் ஒரே வழி.

அப்போ கேனான் யாருக்கு? மெனுவுக்குள் போகவே விரும்பாத, ஆட்டோவில் வைத்துப் பொத்தானை அழுத்துகிற ஒருவருக்கு. வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ வாங்குவதாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். பறவைதான் முழு ஆசை என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நிக்கான் பி950 பாருங்கள், 2000 மி.மீ. வரை போகும், வியூஃபைண்டர் உண்டு, ரா உண்டு, ஆனால் எடை ஒரு கிலோ. கோயில்தான் முக்கியம் என்றால் பானாசோனிக் டிஇசட்200: ஜூம் 15 மடங்குதான், 360 மி.மீ.யோடு நின்றுவிடும், ஆனால் சென்சாரின் பரப்பு நான்கு மடங்கு. விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

மாமாவிடம் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கும் கேமராவுக்கு வாரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு சரி, இங்கே சர்வீஸ் சென்டரில் காசு கேட்பார்கள். அதனால் சீல் பிரிக்காமல் கொண்டுவருகிறேன் என்று அவர் பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடையிலேயே பிரித்து, லென்ஸ் உரசல் சத்தம் இல்லாமல் முழுக்க நீண்டு திரும்ப உள்ளே போகிறதா என்று பார்க்கட்டும், எதிர்க் கடைப் பலகையை முழு ஜூமில் ஒன்று எடுத்து எழுத்து நான்கு மூலையிலும் ஒரே அளவு கூர்மையாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கட்டும், வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒன்று எடுத்து கரும்புள்ளி எதுவும் தெரிகிறதா என்று பார்க்கட்டும். இந்த வகை லென்ஸுக்குள் தூசி போனால் நாமாகத் துடைத்து எடுக்க வழியே இல்லை. பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.