"பதினைந்தாயிரத்துக்கு நான் எதுக்கு இன்ஜினியரிங் படிச்சேன்?"

மேடம், வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். கணவருக்குச் சின்ன ஜவுளிக்கடை. வியாபாரம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஒரே மகன், வயது 24. 2023-இல் பி.இ. முடித்தான். கேம்பஸில் கிடைத்த வேலைக்குச் சேரும் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டு, கடைசியில் ஆள் வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டார்கள்.

படிக்கும்போது விடியுமுன் எழுந்த பிள்ளை, இப்போது எழுந்திருக்கப் பதினொரு மணி ஆகிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்கிற இடத்தில் பதினைந்தாயிரம் சம்பளத்துக்குக் கூப்பிட்டதற்கு, "இதுக்கா இன்ஜினியரிங் படிச்சேன்?" என்றான். அடுப்படியில் ஒரு எண்ணெய் டின்னைக்கூட நகர்த்தித் தர மாட்டான். பெட்ரோலுக்கும் போனுக்கும் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். இப்போது புது பைக் வேண்டுமாம்.

"எங்க அப்பச்சி பதிமூணு வயசுல ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனாக" என்று மாமனார் தினமும் குத்திக்காட்டுகிறார். கணவர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். செல்லம் கொடுத்து நான்தான் கெடுத்துவிட்டேனா?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கெடுக்கவில்லை. விடியுமுன் எழுந்த பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

1930 வாக்கில், உலகமே பொருளாதார வீழ்ச்சியில் இருந்தபோது, ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மரீ யஹோதாவும் உடனிருந்த ஆய்வாளர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. வீட்டு வேலை இருந்த பெண்கள்தான் விரைந்து நடந்தார்கள். சும்மா இருப்பவனுக்கு எதையும் செய்ய நேரம் இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் சும்மா இருப்பதே ஆளை மந்தமாக்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் நீங்கள் ஓடுவதும் அவன் படுத்துக் கிடப்பதும் எனக்கு அந்த ஊரைத்தான் நினைவுபடுத்துகிறது.

ரங்கூன் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பையன்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொந்தக்காரர்களின் கடைகள் காத்திருந்தன. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று அடுத்த படி கண்முன் தெரிந்தது. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். உங்கள் மகன் காலை வைத்த முதல் படியே உடைந்துவிட்டது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்களே, அவர்களைச் சோம்பேறி என்று சொல்வோமா?

சரி, அதற்காக பைக் கேட்பது நியாயமாகிவிடாது. டைல்ஸ் வேலையை மறுத்ததில் அவனுடைய பயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் சேர்ந்தால் ஐ.டி. கனவு முடிந்துபோகும் என்ற பயம். பைக் விஷயம் வேறு. கேட்டால் பணம் வரும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது. கடையில் பாதி வியாபாரம்கூட இல்லை என்று எனக்கு எழுதினீர்கள். அவனிடம் சொன்னீர்களா? பிள்ளை வருத்தப்படக் கூடாது என்று பல வீடுகளில் கஷ்டத்தை மறைக்கிறோம். அப்புறம் அவனுக்குக் கஷ்டமே தெரியவில்லை என்று குறைப்படுகிறோம். பெட்டியடிப் பையன் பணப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். என்ன வந்தது, என்ன போனது, யார் பாக்கி, எல்லாம் அவன் கண்முன் நடந்தது. உங்கள் மகன் ஒரு நாளாவது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானா?

கடைக் கணக்கு, வட்டி, உங்கள் பலகார வரவு செலவு எல்லாவற்றையும் நீங்களும் கணவரும் சேர்ந்து அவனிடம் காட்டுங்கள். கணவர் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி இல்லை. திட்டுகிற குரல் மட்டும் வேண்டாம். சோறும் இடமும் எப்போதும் உண்டு; பெட்ரோலும் போனும் இந்த மாதத்திலிருந்து அவன் சம்பாத்தியத்தில்தான் என்று அன்றே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு ரகசியமாக நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இதுதான் கடினமாக இருக்கும்.

'அம்மாவுக்கு உதவி செய்' என்று சொல்வது போதாது. ஒரு பொறுப்பை முழுதாக ஒப்படையுங்கள். ஒரு கிலோ சீப்புச் சீடைக்கு எண்ணெய், மாவு, கூலி சேர்த்து என்ன அடக்கம், வெளியூருக்குப் பார்சல் அனுப்பினால் என்ன நிற்கும் என்று அவனே கணக்குப் போடட்டும். மூன்று மாதம் அவன் பொறுப்பு. கூடுதலாக வரும் லாபத்தில் அவனுக்குப் பங்கு. தினமும் போய் எட்டிப் பார்க்காதீர்கள். டைல்ஸ் வேலையைப் பற்றியும் மறுபடி பேசலாம், சம்பளத்தை விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் அங்கே என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று.

மாமனாரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிமூன்று வயதுப் பையன் கப்பலில் அழுதாரா, முதலில் என்ன வேலை கொடுத்தார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேரனுக்கு அவர் கதையாகச் சொல்லட்டும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் மகன் பேசினால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ உடனே அழையுங்கள், கட்டணம் இல்லை.

கணக்கைப் பார்த்ததும் அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். போகட்டும், பின்னால் போய்ச் சமாதானம் சொல்லாதீர்கள். மறுநாள் காலை எண்ணெய் டின்னை நகர்த்தித் தர அவனைக் கூப்பிடுங்கள்.