வாசகர் கேள்வி – பதில்: "பிள்ளைகள் நல்லா இருந்தால் போதும்"

கேள்வி: வெள்ளவத்தையில் ஆலய மண்டபமொன்றில் பெண்களுக்கான ஆற்றுப்படுத்தல் குழுவொன்றை நடத்தி வருகிறேன். "இந்த அமர்வுகளால் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் "பிள்ளைகள் நல்லா இருந்தால் போதும்" என்கிறார்கள். இதை அப்படியே ஏற்பதா, தோண்டிக் கேட்பதா?
– வாசகி, கொழும்பு 06

பதில்: அந்த விடையைப் பொய்யென்று எண்ணாதீர்கள். பல ஆண்டுகளாக எவரும் தன் விருப்பத்தைக் கேட்டிராத ஒருவர், கூச்சமின்றிச் சொல்லக்கூடியதையே முதலில் சொல்வார். அதிலும் ஒரே தொடர்மாடியில் வசிப்பவரோ சம்பந்தி வீட்டாரோ வட்டத்தில் அமர்ந்திருக்கையில் வேறென்ன சொல்ல முடியும்? முதலாமவர் சொன்னதை மற்றவர்கள் வழிமொழிவதும் குழுக்களின் இயல்பு. ஆகவே, பேசச் சொல்வதற்கு முன் சில நிமிடங்கள் தனித்தனியே யோசித்து எழுதிக்கொள்ளவும், எழுதியதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளவும் இடங்கொடுங்கள்.

தோண்ட வேண்டியதில்லை, கேள்வியை ஒரு நாளின் அளவுக்குச் சிறிதாக்கினால் போதும். 1980களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உளச்சிகிச்சையாளர்களான ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த, தீர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை முறையில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: இன்றிரவு நீங்கள் உறங்கும்போது, உங்களுக்குத் தெரியாமலே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், காலையில் எழும்பியதும் எதைக் கண்டு அதை அறிவீர்கள்? "தேத்தண்ணியை ஆறுதலா இருந்து குடிப்பன்" என்று ஒருவர் சொன்னால், அற்பமென்று தாண்டிப் போகாமல், யாரோடு இருந்து குடிப்பார், அந்நேரம் வீட்டு வேலை யார் கையில் இருக்கும், மாற்றத்தை முதலில் கவனிப்பவர் யார் என்று அந்தக் காலைப்பொழுதிலேயே நில்லுங்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தான் ஒருத்தியே பார்ப்பது இனி இயலாது என்பது அங்கேதான் வெளிப்படக்கூடும். அப்போதும் "அப்படியென்றால் உங்களுக்கு ஓய்வு வேண்டும்" என்று நீங்களே முடித்து வைத்தால், நடத்துபவரை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று கருதி அவர் "ஓம்" என்றுவிடுவார். அவருடைய சொற்களையே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டு மௌனமாயிருங்கள். (அந்த மௌனம் பங்குபற்றுநரைவிட நடத்துபவருக்குத்தான் கடினம்.)

கேள்வி: மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாய் ஒருவர், "என்ர பிள்ளை வரவேணும்" என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. நடைமுறைக்கேற்ற ஒரு விருப்பத்துக்கு அவரை எப்படிக் கொண்டுவருவது?
– அதே வாசகி

பதில்: கொண்டுவர முயலாதீர்கள், அதுவே அவருடைய விருப்பம், அதில் தெளிவுபடுத்த ஏதுமில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த குடும்பநல ஆய்வாளர் போலின் பொஸ், இத்தகைய துயரத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அதை முடித்துவைப்பது சிகிச்சையின் இலக்காக இருக்க முடியாது என்பதும், இருக்கிறானா இல்லையா என்ற இரண்டையும் ஒருங்கே சுமந்தபடி வாழும் வலுவைப் பெறுவதே இலக்கு என்பதும் அவருடைய நிலைப்பாடு. "தேடுவதை விட்டுவிடுங்கோ" என்று குழுவில் எவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தேடல் ஒருபுறம் தொடர, இந்த வாரத்தில் எதற்காவது துணை வேண்டுமா என்று அவரிடம் தனியாகக் கேட்கலாம். வாழவே விருப்பமில்லை என்ற பேச்சு எழுமாயின், குழுவுக்குள் வைத்துச் சமாளிக்காமல் அன்றே உளநல மருத்துவரிடம் இணைத்துவிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.