வாக்குத்தத்த அட்டையும் கீழமாசி வீதிக் கடையும்: அக்காவிடம் சில கேள்விகள்

(பசுமலையில் வேதபாட வகுப்பு நடத்தும் அக்காவிடம் வந்த கேள்விகளும் அவர் பதில்களும்)

அக்கா, குரூப் 4 இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கர்த்தர் கொடுப்பார் என்கிற வசனம். ஆனால் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவசித்தத்தைத் தவறவிட்டேனா? – தம்பி, திருநகர்

அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிப்பார்கள், தம்பி. முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. பத்தாம் வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று வருகிறது. கேட்டவர்களில் வயதானவர்கள் ஊர் திரும்பப் போவதே இல்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அவன் பொய்த் தீர்க்கதரிசி. இன்றைக்கு மேடை போட்டால் அவனுக்குத்தான் கூட்டம் சேரும்!

அந்த எழுபது வருஷமும் என்ன செய்யச் சொல்லி எரேமியா எழுதினார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகுட்டி பெறுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். அது எதிரியின் பட்டணம் என்பதை மறக்க வேண்டாம். அப்படியிருக்க, உங்கள் கடை மட்டும் எப்படி தேவசித்தத்துக்கு வெளியே போகும்? கணக்கைச் சுத்தமாக எழுதுங்கள். கூட மூட்டை தூக்குகிறவர்களின் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டேதான் பிரசங்கித்தார். பரீட்சையையும் எழுதுங்கள், யார் வேண்டாமென்றது?

வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. "பேரை மாத்திட்ட, பூ வைக்க மாட்டேங்குற, நீ நம்ம பிள்ளையே இல்ல" என்று அம்மா அழுகிறார். நான் இப்போது யார், அக்கா? – உசிலம்பட்டி பக்கம்

தங்கச்சி, பேரை மாற்றினால்தான் இரட்சிப்பு என்று வேதத்தில் எங்கும் இல்லை. பூவும் அப்படித்தான். உங்கள் சபையில் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். என் பதில் இதுதான்.

நம் மதுரையிலேயே இந்தக் கேள்வி பழசு. இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் இங்கே வந்தது 1606இல். காவி கட்டினார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். கிறிஸ்தவனானவன் குடுமி, பூணூல், சந்தனத்தை விட வேண்டுமா என்ற வழக்கு ரோமாபுரிவரை போனது. 1623இல் போப் அவற்றை அனுமதித்தார். நடை உடை வேறு, விசுவாசம் வேறு என்று நொபிலி கண்டது பெரிய காரியம். ஆனால் அதே மூச்சில் சாதியையும் வெறும் ஊர்வழக்கம் என்று விட்டுவிட்டார். அதன் வலி இன்னும் சாதிவாரியாகப் பிரித்த சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் தெரிகிறது. விடவேண்டியது பூவை அல்ல, சாதியைத்தான்.

நீங்கள் யார் என்று கேட்டீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். "நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு வியாதியஸ்தனையும் தொட்டிருக்கவில்லை. பேர் முதலில் வந்தது, ஊழியம் பிறகு. கிறிஸ்துவுக்குள் உங்களுக்கும் அதே வரிசைதான். அதனால் அம்மாவிடம் வாதாடி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. களையெடுப்புக்கு ஆள் பற்றாத நாளில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், போதும்.

ஜெபத்தில் அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து பேசுகிற, கற்காத மொழி) வராததால் தேவன் என்னைவிட்டுத் தூரமாக இருக்கிறாரா? – செல்லூர்

இல்லை. எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா என்று 1 கொரிந்தியர் 12இல் பவுலே கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது.

முழங்கால் போட்டால் ஒன்றுமே தோன்றவில்லை அக்கா. மாசக்கணக்காக இப்படி. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. என் பாவமா? – மேலூர்

பாவம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று ஏற்றுத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். வார்த்தை வராத நாளில் அதையே வாய்விட்டு வாசியுங்கள். உணர்ச்சி வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது முக்கியம். சூரைச்செடியின்கீழ் எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், திரும்பவும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போங்கள். மாத்திரை கொடுத்தால் விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் போடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் போதகரம்மாவைத் துணைக்குக் கூப்பிடுங்கள். எலியாவைப்போல உயிரே வேண்டாம் என்று தோன்றினால் வாரம்வரை பொறுக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.